வால்வுக்காரர் அறம் பயின்ற வரலாறு

குடிநீர்த் துறைக்கு அவ்வாண்டு வந்த முறையீடுகள் நாலாயிரத்துச் சொச்சம். மேட்டுத் தெருக்களில் நீர் ஏறவில்லை என்பதும், பள்ளத் தெருக்களில் நீர் நிற்கவில்லை என்பதுமே அவற்றின் சாரம். இதனை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. ஊர் இப்போதிருப்பதில் பாதியளவு இருந்த காலத்தில் கட்டப்பட்ட நீர்த்தொட்டியே இன்றும் பயன்பட்டு வருகிறது என்பதைக் குழு கண்டறிந்தது. கண்டறிந்து, அறிக்கையின் ஏழாம் பின்னிணைப்பில் சேர்த்தது. அறிக்கையின் முன்பகுதியில் கூறப்பட்ட காரணம் வேறு. வால்வு திறப்போருக்கு நீதியைப் பற்றிய முறையான பயிற்சி இல்லை என்பதே அது.

ஆகவே, வால்வு திறப்போர் அனைவரும் ஓராண்டுக்குள் கலைக் கல்லூரியில் 'அறவியல் அறிமுகம்' என்னும் பாடத்தில் தேறிச் சான்றிதழ் பெறல் வேண்டும் என்றும், பெறாதவர் வால்வுச் சாவியை ஒப்படைத்துவிட்டு, பேருந்தில் மூன்று மணி நேரத் தொலைவிலுள்ள சுத்திகரிப்பு நிலையத்தில் பணியேற்றல் வேண்டும் என்றும் ஆணை பிறந்தது.

வால்வுக்காரர் அவ்வாணையை மும்முறை படித்தார். இருபத்தாறு ஆண்டுகளாக எட்டுத் தெருக்களுக்கு நீர் விட்டு வருபவர் அவர். தம் தோளுயரம் இருந்த அந்த இரும்புச் சாவியைத் தரையடி வால்வில் மாட்டி எத்தனை சுற்றுச் சுற்றினால் எந்தத் தெருவின் கடைசி வீட்டில் குடம் நிறையும் என்பதை அவருடைய மணிக்கட்டு அறியும். மேட்டுத் தெருவை முதலில் திறப்பார். கால் மணி நேரம் பொறுப்பார். பிறகே மற்றவற்றை அரைச் சுற்றாகத் திறந்துகொண்டு வருவார். எட்டாவது தெரு அவர் குடியிருக்கும் தெரு.

அவர் அஞ்சியது நீதியைப் படிப்பதற்கு அன்று, பேருந்துக்கு. அவருடைய மனைவி பதினொரு மாதங்களுக்கு முன்பு குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அவரை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் திருப்பிப் படுக்க வைத்தல் வேண்டும். இல்லையேல் முதுகில் புண் வரும் என்று மருத்துவர் கூறியிருந்தார். ஒரு வால்வைத் திறந்து மறு வால்வை அடைப்பதற்குள் வால்வுக்காரர் வீட்டுக்கு வந்து போவார். அவர் வேலையின் இடைவெளிகளும் அம்மையாரின் முதுகின் தேவையும் இதுவரை ஒன்றோடொன்று பொருந்தியே இருந்தன.

"நீதின்னா என்னன்னு தெரியாமலா இருபத்தாறு வருஷமா தண்ணி விட்டீங்க?" என்று கேட்டார் அம்மையார்.

"தெரியலைன்னுதான் எழுதியிருக்கு."

"அப்ப போய்ப் படிச்சிட்டு வாங்க. வரும்போது எனக்கும் கொஞ்சம் கொண்டு வாங்க. எத்தனை நாளைக்குத்தான் உத்தரத்தையே பார்த்துட்டுக் கிடக்கிறது?"

வகுப்பு மாலை நான்கு மணிக்குத் தொடங்கி ஆறு மணிக்கு முடியும். நான்கு மணி என்பது எட்டுத் தெருக்களுக்கும் நீர் திறக்கும் வேளை. முதல் நாளே இதனைப் பேராசிரியரிடம் பணிவுடன் எடுத்துரைத்தார். பேராசிரியர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவரை நோக்கினார்.

"நாம முதல்ல படிக்கப் போறதே கடமையைப் பத்தின நூல். கடமையைப் படிக்க வர்றவர் கடமை இருக்குன்னு சாக்குச் சொல்லலாமா?"

முக்கால் பங்கு வருகை இல்லாதவர் தேர்வெழுத இயலாது. ஆகையால் எட்டுத் தெருக்களுக்கும் மாலை நீர் நண்பகலில் திறக்கப்பட்டது. நண்பகலில் வீடுகளில் ஆள் இல்லை. முறையீடுகள் ஆறாயிரமாயின. வால்வு திறப்போருக்கு அறவியல் எத்துணை இன்றியமையாதது என்பதற்குப் புதிய சான்றாக அவற்றைத் துறை கோப்பில் சேர்த்தது.

பாடத்துக்குரிய மூல நூல்கள் ஐந்து. கடமையைப் பற்றியது ஒன்று. நீதியைப் பற்றியது ஒன்று. இன்பத்தைப் பற்றியது ஒன்று. நட்பைப் பற்றியது ஒன்று. ஐந்தாவது எதைப் பற்றியது என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. இவற்றை மாணவர் படிப்பதில்லை, குறிப்பு எழுதிக்கொள்வர். பேராசிரியர் தம் ஆசிரியரிடம் எழுதிக்கொண்ட குறிப்பை ஓதுவார். அவருடைய ஆசிரியர் தம் ஆசிரியரிடம் எழுதிக்கொண்டது அது.

"முதல் நூலாசிரியர் கூற வருவன ஆறு. ஐந்தாவது தேர்வுக்கு வராது, விட்டுடுங்க. ஒன்று, கடமை கடமைக்காகவே. இரண்டு, பயன் கருதாமை. மூன்று, தன்னைப் போற் பிறரை எண்ணல். நான்கு, கதவைச் சாத்து."

வால்வுக்காரர் எழுதுகோலை நிறுத்தினார். "ஐயா, நாலாவது?"

"கதவைச் சாத்து. புலன்களாகிய கதவுகளை. ஆசை என்னும் காற்று உள்ளே வராம மனக்கதவைச் சாத்தணும். பத்து மதிப்பெண் வினா. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை கட்டாயம் வரும்."

பக்கத்து இருக்கையில் இருந்தவர் பேருந்து நடத்துநர். பயணிகள் குறை கூறியதால் போக்குவரத்துத் துறையும் தன் ஊழியருக்கு அறம் கற்பிக்கத் தொடங்கியிருந்தது. அவர் மெல்லக் காதருகே குனிந்தார்.

"அண்ணே, அந்தக் காலத்துல யாரோ பாடம் சொல்லிட்டு இருக்கும்போது மழைச் சாரல் அடிச்சிருக்கும்ணே. 'டேய், கதவைச் சாத்து'ன்னிருப்பார். முன் பெஞ்சுக்காரன் அதையும் சேர்த்து எழுதிட்டான்."

"அப்படியெல்லாம் இருக்காதுப்பா. பத்து மார்க் கேள்வியாச்சே."

தேர்வுக்கு ஐந்து மாதங்கள் இருக்கையில் உறுதிமொழிப் படிவம் ஒன்று வழங்கப்பட்டது. தேர்வன்று கையொப்பமிட்டுக் கொடுக்க வேண்டியது அது. 'ஐந்து மூல நூல்களையும் முதல் எழுத்து முதல் கடைசி எழுத்து வரை யான் படித்துள்ளேன் என என் மனச்சான்றின்படி உறுதி கூறுகிறேன்' என்பது அதன் வாசகம். ஏனையோர் அதனை மடித்துச் சட்டைப்பையில் வைத்தனர். வால்வுக்காரர் நூலகத்துக்குச் சென்றார்.

"புத்தகம் வேணுமா? எதுக்கு?" என்று நூலகர் திடுக்கிட்டார்.

"பாடத்துல இருக்குங்க."

"பாடத்துல இருந்தா? படிக்கணும்னு யார் சொன்னா?"

வால்வுக்காரர் படிவத்தைக் காட்டினார். நூலகர் அதனைப் படித்துவிட்டு, தம்மிடமும் அப்படியொரு படிவம் முப்பதாண்டுகளுக்கு முன்பு வாங்கப்பட்டதை நினைவுகூர்ந்து, இருமினார். மூல நூல்கள் கண்ணாடி அலமாரியில் இருந்தன. பாடத்தில் தேறிச் சான்றிதழ் பெற்றவர்க்கே அவற்றை வழங்கலாம் என்பது விதி. பேராசிரியர் பரிந்துரைத்தால் விலக்கு உண்டு. பேராசிரியரோ, படிக்கத் தகுதியுடையவர் எனச் சான்றளிக்க வேண்டுமாயின் தகுதி தேர்வினால் அறியப்பட வேண்டும் என்றார். முதல்வரிடம் மனு கொடுக்கப்பட்டது. முதல்வர் அதில் 'ஆவன செய்க' என்று எழுதி நூலகருக்கு அனுப்பினார். நூலகர் 'ஆவன யாது?' என்று எழுதித் திருப்பி அனுப்பினார். இவ்வாறு ஆறு வாரங்கள் சென்றன.

ஏழாம் வாரத்தில் நூலகத்தின் கைகழுவும் தொட்டிக் குழாய் உடைந்து, பழைய நாளிதழ்க் கட்டுகளை நோக்கி நீர் ஓடியது. வால்வுக்காரர் பத்து நிமிடங்களில் அதனை அடைத்தார். நூலகர் நனைந்த வேட்டியுடன் நெடுநேரம் சிந்தித்தார்.

"வெளியே கொடுக்க முடியாது. இங்கேயே உட்கார்ந்து பாருங்க. பார்க்கிறதுன்னா, பார்க்கிறதுதான். புரியுதா?"

அலமாரியின் பூட்டு துருவேறித் திறக்கவில்லை. வால்வுக்காரர் தம் பையிலிருந்த எண்ணெயை இரண்டு சொட்டு விட்டார். கதவு முனகிக்கொண்டு திறந்தது. முதல் நூலை எடுத்து மேசைமேல் வைத்துப் பிரித்தார். முதற் பக்கம் திறந்தது. இரண்டாம் பக்கமும் மூன்றாம் பக்கமும் பை போல் ஒன்றாகவே இருந்தன. உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். மேல் ஓரம் மூடியிருந்தது. அச்சுப் பிழை போலும் என்று இரண்டாம் நூலை எடுத்தார். அதுவும் அவ்வாறே. ஐந்தும் அவ்வாறே.

வீட்டில் அம்மையாரை இடப்பக்கம் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு இதனைச் சொன்னார். அம்மையார் விழுவதற்கு முன்பு பதினேழு ஆண்டுகள் ஓர் அச்சகத்தில் தாள் மடித்தவர்.

"பேப்பர் இருந்தா கொடுங்க" என்றார். படுத்தபடியே நாளிதழ்த் தாள் ஒன்றை இரண்டாக, நான்காக, எட்டாக மடித்துக் காட்டினார். "பெரிய தாள்ல பதினாறு பக்கம் அடிப்பாங்க. அதை இப்படி மடிச்சு, தச்சு, அட்டை போடுவாங்க. மடிப்பு ஓரத்தை வெட்டினாத்தான் பக்கம் திறக்கும். சில புத்தகத்தை வெட்டாம அனுப்புவாங்க. வாங்குறவங்க வெட்டிக்கிட்டே படிப்பாங்க."

"அப்ப அந்தப் புத்தகத்தை..."

"அச்சகத்துல இருந்து வந்த நாள்ல இருந்து ஒருத்தரும் படிக்கலைங்க." அம்மையார் சிரிக்கத் தொடங்கினார், இடுப்பு வலித்ததால் நிறுத்திக்கொண்டார். "ஐயோ, சிரிக்க வைக்காதீங்க. அந்த டப்பாவுல என் மடிப்புக் கத்தி இருக்கும், எடுத்துட்டுப் போங்க. பிளேடு வேண்டாம், தாள் கிழியும். மடிப்புக்குள்ள விட்டு மெதுவா, வெளிப்பக்கமா இழுங்க."

எலும்பினால் செய்த, விரல் நீளத் தட்டைக் கத்தி அது. அதனைக் கொண்டு வால்வுக்காரர் நாள்தோறும் வகுப்புக்கு முன்பு அரை மணி நேரம் நூலகத்தில் அமர்ந்து, வெட்டுவதும் படிப்பதுமாக இருந்தார். நூலகர் அந்நேரத்தில் சன்னலுக்கு வெளியே நோக்குவதை வழக்கமாக்கிக்கொண்டார்.

முதல் நூலாசிரியர் முதற் பக்கத்திலேயே, தாம் எடுத்துக்கொண்ட வினாவுக்குத் தமக்கு விடை தெரியாது என்று ஒப்புக்கொண்டிருந்தார். வால்வுக்காரருக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. படித்ததை வீட்டில் வந்து சொல்வார்.

"பங்கு பிரிக்கிறவன் தன் பங்கைக் கடைசியா எடுத்துக்கணுமான்னு ஒரு இடத்துல கேட்கிறார்."

"எடுத்துக்கணும்கிறாரா?"

"இன்னும் சொல்லல. எட்டுப் பக்கமாக் கேட்டுக்கிட்டே இருக்கார்."

"நம்ம தெரு கடைசித் தெருதானே? புத்தகம் படிக்காமலே நீங்க பாஸ். ஆனா நம்ம வீட்டுக்குத் தண்ணி சன்னமா வரும்போதெல்லாம் உங்களைத் திட்டிக்கிட்டே நான் குடத்தைப் பிடிச்சேன் பாருங்க, அதுக்கு என்ன மார்க்குன்னு அவரைக் கேளுங்க."

அடுத்த பக்கம் இன்னும் வெட்டப்படவில்லை என்று அவர் சொன்னார். மறுநாள் வெட்டினார். ஏறக்குறைய அதே வினாவை நூலாசிரியர் எழுப்பியிருந்தார்: பங்கிடுபவனின் வீட்டார்க்கு நேரும் குறை யாருடைய கணக்கில் சேரும்? அம்மையார் அன்று முழுவதும் மகிழ்ச்சியாக இருந்தார்.

இவ்வாறு தேர்வு நாள் வருவதற்குள் முதல் நூல் முழுமையும், இரண்டாம் நூலில் எண்பது பக்கங்களும் முடிந்திருந்தன. முதல் நூலில் கதவைச் சாத்து என்னும் கோட்பாடு எங்கும் காணப்படவில்லை.

தேர்வன்று முதல்வர் மண்டபத்துக்கு வந்து உரையாற்றினார்.

"மாணவச் செல்வங்களே! இக்கல்லூரியில் அறவியலில் இதுவரை ஒருவரும் தோற்றதில்லை. தோல்வி அறத்துக்குப் புறம்பானது என்பதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம். உங்கள் உறுதிமொழியை நாங்கள் சரிபார்ப்பதில்லை. சரிபார்த்தல் ஐயத்தின் அடையாளம், ஐயுறுதல் பண்பாடன்று. கடந்த நாற்பதாண்டுகளில் ஒரு படிவத்தைக்கூட நான் படித்துப் பார்த்ததில்லை என்பதைப் பெருமையோடு கூறிக்கொள்கிறேன்."

கைதட்டல் எழுந்தது. வால்வுக்காரர் படிவத்தை எடுத்து, 'ஐந்து' என்னும் சொல்லை நேர்க்கோடு ஒன்றால் அடித்துவிட்டு, மேலே தெளிவாக எழுதினார்: 'ஒரு நூல் முழுதும், இரண்டாம் நூலில் எண்பது பக்கங்களும் படித்துள்ளேன். மற்றவை இன்னும் வெட்டவில்லை.'

நடத்துநர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "அண்ணே, என்னண்ணே இது? 'உள்ள இடம் இருக்கு, ஏறுங்க ஏறுங்க'ன்னு நான் தினம் கூவுறேன். உள்ள இடம் இருக்கா? யாராவது என்னைப் பொய்யன்னு சொல்றாங்களா? இதுவும் அது மாதிரிதான். போட்டுட்டு ஏறுங்கண்ணே!"

"படிக்காததைப் படிச்சேன்னு எப்படிப்பா எழுதுறது? அதுவும் இந்தப் பரீட்சையில."

தேர்வு எழுத அவர் அனுமதிக்கப்பட்டார். படிவம் நான்காம் நாள் கண்டுபிடிக்கப்பட்டது.

விசாரணைக் குழுவில் முதல்வர், பேராசிரியர், நூலகர் என மூவர் இருந்தனர். குற்றச்சாட்டு, கல்லூரியின் அரிய நூல்களைக் கத்தியால் வெட்டிச் சேதப்படுத்தியமை.

"கத்தியால வெட்டினீங்களா?" என்று முதல்வர் கேட்டார்.

"ஆமாங்க. மடிப்பை மட்டும்தான். எழுத்துல படல."

"மடிப்பா? எந்த மடிப்பு?"

"பக்கமெல்லாம் மடிச்சபடியே இருந்துச்சுங்க. வெட்டினாத்தான் படிக்க முடியும்."

முதல்வர் தொண்டையைச் செருமினார்.

"அந்தப் புத்தகங்களை நான் இருபத்திரண்டு வயசுல படிச்சேன். முதல் எழுத்துல இருந்து கடைசி எழுத்து வரைக்கும். கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"அதே புத்தகமாங்க ஐயா?" என்றார் வால்வுக்காரர். அவர் குரலில் ஏளனம் ஏதும் இல்லை, கவலையே இருந்தது. "மூணு புத்தகம் இன்னும் அப்படியேதான் இருக்கு. வாங்க, அலமாரியில பார்த்துடலாம்."

அலமாரியைப் பார்வையிடத் தேவையில்லை என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. நூலகர் அத்தீர்மானத்தை முன்மொழிந்தார். பிறகு முதல்வர் ஒரு தாளை நகர்த்தி வைத்து, கனிவுடன் பேசலானார்.

"இங்க பாருங்க. புத்தகம் மடிச்சிருந்துச்சுன்னா, நீங்க வெட்டினது சேதம். சேதம் பண்ணினவருக்குச் சான்றிதழ் கிடையாது. புத்தகம் முன்னாடியே திறந்துதான் இருந்துச்சுன்னா, நீங்க வெட்டவே இல்லை. வெட்டலைன்னா குற்றமே இல்லை. 'பக்கங்கள் யாவும் முன்னரே திறந்திருந்தன. ஐந்து நூல்களையும் படித்தேன்.' இவ்வளவுதான் எழுதியிருக்கு. ஒரு கையெழுத்து."

"அது பொய்யாச்சுங்களே."

"பொய் சொல்லுங்கன்னு நான் சொன்னேனா? இந்தக் கல்லூரியில யாரையும் பொய் சொல்ல விட மாட்டோம். கையெழுத்துதான் போடச் சொல்றோம்."

சிந்திக்க அவருக்குப் பத்து நிமிடங்கள் கொடுக்கப்பட்டன. தாழ்வாரத்தில் நின்றார். சுவர்க் கடிகாரம் மூன்றேகால் காட்டியது. மூன்று மணிக்கே அம்மையாரை வலப்பக்கம் திருப்பியிருக்க வேண்டும். பேராசிரியர் வெளியே வந்து, இருபுறமும் பார்த்துவிட்டு, அருகில் நின்றார்.

"முதல் புத்தகம் முழுசாப் படிச்சீங்களா? நிஜமாவே?"

"ஆமாங்க ஐயா."

"அந்த நாலாவது கோட்பாடு..."

"தேடிப் பார்த்தேங்க. இல்லை."

பேராசிரியர் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டார். "எங்க வாத்தியார் அதுக்கு மட்டும் ஒரு மணி நேரம் விளக்கம் சொல்வார். முடிக்கும்போது அவர் கண்ணு கலங்கிடும். நாங்களும் அழுவோம்." பிறகு, "அந்தப் புத்தகத்துல வேற என்ன இருக்கு?" என்று சிறு பிள்ளையைப் போலக் கேட்டார்.

வால்வுக்காரர் சொல்ல வாய் திறந்தார். உள்ளிருந்து மணி ஒலித்தது. பேராசிரியர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போட்டுடுங்க. உங்க வீட்டம்மாவை நினைச்சுக்கிட்டுப் போட்டுடுங்க" என்று கூறிவிட்டு முன்னே சென்றார்.

வால்வுக்காரர் கையொப்பமிட்டார்.

வீட்டை அடைந்தபோது மணி நாலரை. அம்மையார், திருப்பிப் படுக்க வைத்தபின், "முதுகு கொஞ்சம் எரியுது" என்றார். வால்வுக்காரர் பார்த்தார், செம்மை படர்ந்திருந்தது. மருந்து தடவிக்கொண்டே நடந்ததைச் சொன்னார்.

"சாவி நம்மகிட்டதானே இருக்கும்?" என்றார் அம்மையார்.

"இருக்கும்."

"அப்ப சரி. விடுங்க. அந்தப் புத்தகக்காரர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

முடிவுகள் வெளியாயின. ஐந்து நூல்களையும் படித்ததாகக் குழுவின் முன்பே எழுதிக்கொடுத்த ஒரே மாணவர் என்பதால் வால்வுக்காரருக்கு முதலிடம் அளிக்கப்பட்டது. கல்லூரி இதனைக் குடிநீர்த் துறைக்குத் தெரிவித்தது. துறை பெருமகிழ்ச்சியுற்றது. இத்தகைய அறவோரை வால்வு திறக்க வைத்திருத்தல் முறையன்று எனக் கருதி, அவரை அறவியல் பயிற்றுநராக உயர்த்தியது. பயிற்சி மையம் சுத்திகரிப்பு நிலையத்தில் இருந்தது.

அவர் மேலதிகாரியிடம் சென்று, மனைவியின் நிலையை எடுத்துரைத்தார்.

"ஃபெயிலானவங்கதான் அங்க போகணும்னு ஆணையில இருந்துச்சுங்க. நான் பாஸாச்சே."

"ஃபெயிலானவங்க அங்க தண்டனைக்குப் போறாங்க. நீங்க கௌரவத்துக்குப் போறீங்க. ரெண்டும் ஒண்ணா?" என்றார் மேலதிகாரி. "இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

'மனமுவந்து ஏற்கிறேன்' என்று அதில் அச்சிட்டிருந்தது. மறுத்தால் பணி ஏதும் இராது என்பது அச்சிடப்படவில்லை. மேலதிகாரி வாயால் சொன்னார்.

வால்வுச் சாவி புதியவர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் எட்டுத் தெருக்களையும் ஒரே வேளையில் முழுச் சுற்றுத் திறந்தார். மேட்டுத் தெருவில் நீர் ஏறவில்லை. அம்மையாரைத் திருப்பிப் படுக்க வைக்கப் பக்கத்து வீட்டுப் பெண்மணி காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் வந்து போனார். இடைப்பட்ட வேளைகளில் அம்மையார் எந்தப் பக்கம் படுத்திருந்தாரோ அந்தப் பக்கமே படுத்திருந்தார்.

புறப்படும் நாளில் அம்மையார் மடிப்புக் கத்தியை அவருடைய பைக்குள் வைக்கச் சொல்லியிருந்தார். "மிச்சத்தை அங்க வெட்டிப் படிங்க. வாரா வாரம் வந்து சொல்லுங்க." ஆனால் பயிற்சி மையத்துக்கு மூல நூல்கள் வரவில்லை. குறிப்பேடு மட்டுமே வந்தது.

முதல் வகுப்பில் பன்னிரண்டு வால்வுக்காரர்கள் அமர்ந்திருந்தனர். சாவி பிடித்துத் தடித்த கைகளில் எழுதுகோல்கள் சிறுத்துத் தெரிந்தன. அவர் குறிப்பேட்டைத் திறந்து ஓதத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதில் சற்று நின்றார், பின்பு ஓதினார்.

கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "ஐயா, கதவைச் சாத்துன்னா? இது நெசமாவே அந்தப் புத்தகத்துல இருக்குங்களா?"

பன்னிரண்டு பேரும் தலை நிமிர்ந்தனர். அவருடைய கை சட்டைப்பைக்குள் சென்று, அங்கிருந்த எலும்புக் கத்தியைத் தொட்டது. எதிர்ச்சுவரில் கடிகாரம் மூன்று மணி காட்டியது. இந்நேரம் வலப்பக்கம்.

"எழுதிக்குங்க" என்றார். "பரீட்சைக்கு வரும்."